பதினோராம் ரகம்

கருமாத்தூர் தாண்டி மூணாவது வளைவில்
அந்தப் பலகையை நட்டது நாங்கள்தான்.
குழி தோண்டியது மொக்கராசு,
ஜல்லி கலந்தது அவன் மச்சினன்,
குமிழி வராமல் தாளை ஒட்டி
ரப்பர் கட்டையால் இழுத்துவிட்டு
நாலு கிளாம்ப்பையும் முறுக்கியது
இந்தக் கை.

பதினோராம் ரகத் தாள்.
சதுர அடி விலையைச் சொன்னால்
வீட்டில் நம்ப மாட்டார்கள்.
உள்ளே கண்ணுக்குத் தெரியாத மூலைகள்,
ஆயிரக்கணக்கில்,
தேன்கூடு மாதிரி நெருக்கமாய்.
எங்கிருந்து வருகிறதோ வெளிச்சம்
அங்கேயே திருப்பி அனுப்பும்.
"மொய் மாதிரிடா" என்பார் சூப்பர்வைசர் செல்வின்,
"வச்சவனுக்கே வந்து சேரும்."

அன்றைக்குக் காளவாசல் கிடங்கில்
கணக்கு முடித்துக் கிளம்பப் பதினொன்றரை.
என் ஹெல்மெட் கண்ணாடிக்கு மூன்று வருடக் கீறல்.
எதிரே வரும் ஒவ்வொரு விளக்கையும்
பிடித்து நூலாய் இழுக்கும்.
ஏற்றினால் பூச்சி.
இறக்கினால் நூல்.
ஏற்றி இறக்கி ஏற்றி
நாகமலையைக் கடந்துவிட்டேன்.

செக்கானூரணியில் ஒரு லாரி பின்னால் ஒட்டிக்கொண்டது.
கம்பத்துக்குக் காலிப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டி,
பெட்டிகள் குலுங்குவது கேட்டது.
முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.
நெற்றியில் கூடுதலாய் நாலு விளக்கு.
என் நிழல் எனக்கு முன்னால்
பனை உயரத்துக்கு ஓடியது.

வளைவு வந்தது.
லாரிக்கென்று பலகை திருப்பித் தந்த வெளிச்சம்,
வழியில் நான் இருந்ததால்,
என் வழியாகப் போனது.

வெள்ளை.
தார் இல்லை, ஓரக் கோடு இல்லை,
கைப்பிடியில் என் கை இல்லை.
நான் ஒட்டிய அம்புக்குறி மட்டும்
வலது பக்கம், வலது பக்கம் என்று
உலையில் காய்ச்சிய இரும்பாய் நின்றது.
அதற்குக் கீழே, எங்கேயோ,
மணிச் சத்தம்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன்.
வண்டி என்னை இறக்கிவிட்டுப் போய்
கருவேல முள்ளுக்குள் படுத்துக்கொண்டது.
லாரி ஹாரனை நீட்டியபடியே ஒதுங்கிப் போனது.
நிற்கவில்லை.

அப்புறம்தான் கண் திரும்பி வந்தது,
தவணை தவணையாக.
முள்ளுக்குள் அணையாத என் ஹெட்லைட்டில்
முதலில் ஜோடி ஜோடியாய்ப் பச்சைப் புள்ளிகள்.
பிறகு காதுகள். பிறகு கால்கள்.
முப்பது நாற்பது ஆடு.
அதுகளின் கண்ணுக்குள்ளும் அதே தாள்தான்,
வந்ததை வந்த பக்கமே அனுப்புகிற தாள்.
ஒட்டியவன் எந்தக் கான்ட்ராக்டரோ,
அளவு தெரிந்தவன்.

கிடை போடப் போகிறவன். என் வயதுதான் இருக்கும்.
பேர் முனியசெல்வம், கமுதிப் பக்கம்.
கறுப்புக் கம்பளியின் முனையால்
என் முழங்கால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு
பலகையை அண்ணாந்து பார்த்தான்.
"போர்டு நல்லாத் தெரியுதுண்ணே.
ஆளத்தான் தெரியல."

நட்டது நாங்கள் என்று
நான் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம்
பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு போனேன்.
கிளாம்ப்பைத் தளர்த்தி
பலகையின் முகத்தை நாலு விரல்கடை
ரோட்டுக்கு அப்பால் திருப்பி வைத்தேன்,
பேசப் பிடிக்காத ஆள்
லேசாகத் திரும்பி உட்காருவது போல.
அவ்வளவுதான் வேண்டியிருந்தது.
இரவில் போய்ப் பார்த்தேன்: அம்பும் தெரிந்தது,
அடியில் கிடந்த செருப்பும் தெரிந்தது.

பத்து நாள் இருந்தது அப்படி.
ஆய்வுக்கு வந்தவர்கள் பட்டப்பகலில் படம் எடுத்து
கோணல் என்று எழுதினார்கள்.
நேராக்கச் செல்வின் என்னைத்தான் அனுப்பினார்.
நேராக்கினேன். கூலி முந்நூறு.
ஒளி அளக்கும் கருவியைத் தாளில் அமுக்கிப் பார்த்து
அருமை என்றார் இன்ஜினியர்.
கருவிக்கு ஹெல்மெட் கிடையாது,
பின்னால் லாரி கிடையாது.

இப்போதெல்லாம் அந்த வளைவுக்கு
நூறடி முன்னாலேயே
இடது கண்ணை மூடிக்கொள்கிறேன்.
பலகை கடந்ததும் திறப்பேன்.
வலது கண் போர்டுக்கு.
இடது கண் ஆளுக்கு.