இரண்டு பூட்டு

டோங்காட். கரும்பு எரிக்கும் மாதம்.
ஞாயிறு காலை எட்டேமுக்கால்.
வெள்ளைச் சட்டையில் கரி விழுகிறது.
ஊதினால் போகும், தட்டினால் அப்பிக்கொள்ளும்.
இங்கே வந்த முதல் வருஷம் நான் தட்டினேன்.

சபையின் இரும்புக் கேட்டில் இரண்டு பூட்டு.
பித்தளைப் பூட்டு டட்லி படையாச்சியுடையது.
பொருளாளர், கூரையை மாற்றும் கட்சி.
நீலப் பூட்டு யூனிஸ் மூட்லியுடையது.
அந்தக் கூரையின் ஒவ்வொரு தகட்டையும்
அவள் கணவர்தான் சுமந்து ஏற்றினார்,
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து.
ஆஸ்பெஸ்டாஸ் நெஞ்சுக்கு ஆகாது என்கிறார் டட்லி.
அவர் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை,
லாரி மோதித்தான் போனார் என்கிறாள் யூனிஸ்.
இரண்டும் உண்மை. ஒரே சங்கிலியில் தொங்குகின்றன.

நான் சாவி இல்லாத போதகன்.

பதினோரு ஞாயிறு.
ஒருவர் வந்தால் மற்றவர் வருவதில்லை.
நடைபாதையில் ஆராதனை.
ஆமென் சொல்வதற்குள்
மினிபஸ் டாக்சி ஹார்ன் அடித்துவிடும்.
பின்னால் பேசுவது என் காதுக்கும் வரும்:
"ஐயருக்கு முதுகெலும்பு கிடையாது."
"ஐயர் அந்தப் பக்கத்து ஆள்."
அந்தப் பக்கமும் இதையே சொல்கிறது,
அதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

ஒன்பதாவது வாரம், திங்கள்கிழமை,
டர்பனுக்குப் போய் பூட்டு வெட்டும் கத்தரி வாங்கினேன்.
நானூற்றுப் பத்து ராண்ட். சிவப்புப் பிடி.
மனைவியிடம் சொல்லவில்லை.
கொரோலாவின் டிக்கியில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில்,
பாட்டுப் புத்தகக் கட்டுக்கு அடியில்.
அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனபோதெல்லாம்
மேட்டுத் திருப்பங்களில்
அது பின்னால் உருண்டு சத்தம் போட்டது.
டட்லி வீட்டில் பீன்ஸ் கறி சாப்பிட்டேன்.
யூனிஸ் வீட்டில், ஏணியில் நிற்கும் கணவரின்
ஒரே படத்தை மூன்றாம் தரம் பார்த்தேன்.
இருவர் கையையும் பிடித்து ஜெபித்தேன்.
டிக்கியைப் பூட்டினேனா என்று
இரண்டு தரம் வெளியே போய்ப் பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது ஞாயிறு காற்று பலமாக இருந்தது.
யூனிஸ் வந்தாள். கொஞ்ச நேரத்தில் டட்லியும்.
அன்று அவர் பேரன் ஜெய்டனுக்கு ஞானஸ்நானம்.
ரோட்டில் நிற்கவைத்து, பிளாஸ்டிக் வாளியிலா
என்று மருமகள் கேட்டிருக்கிறாள்.
யாரும் கேட்காமலே யூனிஸ்
நீலப் பூட்டைத் திறந்தாள்.
டட்லி தன் பைகளைத் தட்டிப் பார்த்தார்.
கோட்டில் இல்லை. பேண்ட்டில் இல்லை.
சாவி பெல்வெடியரில், சமையலறை ஆணியில்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
டிக்கி பத்தடி தூரத்தில்.
கடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் வேலை.
கை தட்டியிருப்பார்கள்.
டட்லியும்கூடச் சிரித்துவைத்திருப்பார்,
பிறகு ஒருபோதும் வந்திருக்க மாட்டார்.

"போய் எடுத்துட்டு வாங்கண்ணே. காத்திருக்கோம்."
குரலில் கோபம் இருந்தது. ஒளிக்க முடியவில்லை.

நாற்பது நிமிஷம்.
பாடினோம். பாட்டு தீர்ந்தது. சும்மா நின்றோம்.
யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள்.
பிள்ளை அழுதது, தாயிடம் அடங்கவில்லை.
யூனிஸ் அதை வாங்கித் தோளில் சாய்த்து
முந்தானையால் மூடினாள்.
"கரி விழுதே, வேற என்ன செய்ய?" என்றாள்,
நான் ஒன்றும் கேட்காதபோதே.

டட்லி மூச்சிரைக்க வந்தார்.
பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.
பூட்டைத் திறக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று,
சாவி சரியானதுதான்.

ஆராதனை முடிந்தது. இருவரும் பூட்டினார்கள்.
முதலில் நீலம், அப்புறம் பித்தளை.
கூரை அப்படியே இருக்கிறது.
வருகிற மாதம் ஒரு கூட்டம்,
அதிலும் சண்டை வரும்.

கத்தரியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
ரசீது இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள்.
டிக்கியில்தான் கிடக்கிறது.
மேட்டுத் திருப்பத்தில் உருளும்போது
என்ன சத்தம் அது என்கிறாள் மனைவி.
நான்தான், என்கிறேன்.