கொம்பு முளைத்தவை

பைட்டாவில் விடிந்தும் விடியாத மூடுபனி.
ஏழு மணிக்கெல்லாம் ஜாடி வந்துவிடும்:
இரண்டு கை கொள்ளும் பசிபிக்,
பார்மலின் நெடியோடு.
மூடியில் என் எழுத்து. நேலிதா கெரெவலூ.
நிலையம் நான்கு, கரையிலிருந்து பத்து மைல்.

மிதவைகள் என்கிறோம்.
பொடிசு என்று அதற்குப் பொருளில்லை.
குடை விரித்த அளவுச் சொறிமுட்டையும் மிதவைதான்.
நீரோட்டத்தை எதிர்த்துப் போக வக்கில்லாத
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.
அதற்குள்தான் மற்ற பங்காளிப் பிரிவினை:

வெயிலைத் தின்பவை.
வெயிலைத் தின்றவற்றைத் தின்பவை.
சாகும்வரை மிதப்பவை.
பிள்ளைப் பருவம் மட்டும் மிதந்துவிட்டு
தரை தட்டியதும் நண்டாகி
எங்களைத் தெரியாததுபோல் பக்கவாட்டில் நடப்பவை.

நெத்திலிகூட முட்டையாய் இருக்கையில் என் கணக்கு,
வளர்ந்தபின் மைத்துனன் எலெயுத்தேரியோவின் கணக்கு.
பசித்தால் அது
தன் இனத்தின் முட்டைகளையே வடித்து விழுங்கும்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

வழக்கமாய் லென்சின் அடியில்
டயாட்டம், கண்ணாடிப் பெட்டிகள்,
சங்கிலி சங்கிலியாய்.
அடிக்கடலின் குளிர் மேலேறி வந்தால் இவை கொழிக்கும்.
இவை கொழித்தால் நெத்திலி,
நெத்திலி இருந்தால் நீர்க்காகம், கூழைக்கடா, கடற்சிங்கம்,
மீன்தூள் ஆலையின் புகை,
எலெயுத்தேரியோ மகளின் பள்ளிக் கட்டணம்.

இன்று சங்கிலிகளைத் தேட வேண்டியிருக்கிறது.
நடுவில் மூன்று கொம்போடு ஒன்று.
வெந்நீர்க்காரி. வடக்கேயிருந்து வருபவள்.
போன வாரம் நான்கு பேர்.
இன்று அறுபத்தொன்று.
விரல் தானாகவே இன்னொரு முறை எண்ணியது.

"புது வலைக்கு முன்பணம் கட்டப் போகிறேன்."
பொறு, என்றேன். கொம்புள்ளது வந்திருக்கிறது.
"எவ்வளவு பெரிசு?"
ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்று.
போனுக்குள் அவன் சிரித்தது
படகின் டீசல் சத்தத்தையும் மீறிக் கேட்டது.
"என் வலைக்கண் வழியே
அது ஊர்வலமே போகலாம், அண்ணி!"

போகும். எனக்கும் தெரியும்.

வியாழனன்று லாரியில் வந்திறங்கியது,
பச்சை நைலான், பதின்மூன்று மில்லிமீட்டர் கண்,
தெருவை அடைத்துக்கொண்டு.
ஆள் போதவில்லை.
நானும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன்.
கூரைமேல் நீர்க்காகங்கள்,
பகல் பத்து மணிக்குக் கடலுக்குப் போகாமல்.

திங்கள். நிலையம் நான்கு.
நூற்றுப் பன்னிரண்டு.