எந்த ஆண்டில் கழிக்க?

மூஸ் ஜாவில் மார்ச் மாதம் இன்னும் பனிக்காலம்தான்.
முடிதிருத்தும் கடையைப் பத்து நிமிடம் முன்னதாகப் பூட்டிவிட்டு
நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தேன்.
கையில் ஒரு ஷூ பெட்டி.
அதற்குள் மூன்று ஆண்டுகள்.

கடைகளை மூடச் சொன்ன வசந்தத்தில்
அரசு தந்தது மாதம் இரண்டாயிரம் டாலர்,
நான்கு மாதம்.
கேட்டேன், தந்தார்கள்.
அத்தனை சுலபமாக எனக்கு எதுவும் வந்ததில்லை,
பிரசவம் உட்பட.

அடுத்த ஏப்ரலில் அதற்கு வரி கட்டினேன்.
வருமானம் என்றார்கள். சரி, வருமானம்.
இலையுதிர்ந்த பிறகு வந்தது பழுப்பு உறை:
நாற்காலி வாடகை, சாயம், கத்தரிக்கோல் சாணை
எல்லாம் போக உங்கள் சம்பாத்தியம்
ஐயாயிரத்துக்கு நானூற்றுப் பதினொன்று குறைவு.
ஆகவே தகுதியில்லை.
ஆகவே எண்ணாயிரமும் திருப்பித் தருக.

திருப்பினேன்.
சனிக்கிழமை மணப்பெண் கொண்டைகளாக,
முதியோர் இல்லத்துச் சுருள்முடிகளாக,
ஸ்னோமொபைலை விற்ற காசாக,
பதினான்கு தவணையில்.
இல்லாத பணத்துக்கு நான் கட்டிய வரி மட்டும்
அங்கேயே தங்கிவிட்டது,
தேவாலய விருந்துக்குக் கொண்டுபோய்
வீடு திரும்பாத பாத்திரம் மாதிரி.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜோலின்.
பகலில் டிராக்டர் பழுதுபார்ப்பவள், நகக்கண்ணில் எண்ணெய்.
மார்ச் வந்தால் ஊருக்கெல்லாம் இலவசமாக வரிக்கணக்கு.
"திருப்பிய தொகையைக் கழிக்கலாம்" என்றாள்.
"திருப்பிய ஆண்டில் கழிக்கட்டுமா,
வாங்கிய ஆண்டுக்கே போய்க் கழிக்கட்டுமா?
பாதிப் பாதியும் செய்யலாம்."

என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை,
எந்த ஆண்டில் நீ இன்னும் ஏழையாக
இருந்திருக்க விரும்புகிறாய் என்று.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்:
"வீட்டில் பிள்ளை இருந்தானா?
அந்த வருமானத்தைப் பார்த்துத்தான்
மறுவருடம் பிள்ளைப் பணத்தை வெட்டியிருப்பார்கள்."

இருந்தான் கோல்பி.
பதினாறு வயது.
நாலு லிட்டர் பால் ஒன்றரை நாளைக்கு.
ஸ்கேட் போதவில்லை என்று சொல்லாமல்
விரல்களை மடக்கி வைத்துக்கொண்டே
ஒரு பருவம் முழுக்க ஹாக்கி ஆடினான்.
நகம் கறுத்து விழுந்த அன்றுதான் எனக்குத் தெரியும்.

"வாங்கிய ஆண்டையே திற" என்றேன்.

ஜூலையில் வரி திரும்பி வந்தது, சில்லறை வரைக்கும் சரியாக.
பின்னாலேயே இன்னொரு காசோலை:
குழந்தைக்கான உதவித்தொகை, விட்டுப்போன பன்னிரண்டு மாதம்.

குழந்தை இப்போது எஸ்டர்ஹேசியில்,
பொட்டாஷ் சுரங்கத்தில், பூமிக்கு ஒரு கிலோமீட்டர் கீழே.
தாடி வைத்திருக்கிறான்.
என்னிடம் முடி வெட்டிக்கொள்வதில்லை.

ஞாயிறன்று போனில் சொன்னேன்,
உன் ஸ்கேட்டுக்குப் பணம் வந்திருக்கிறது என்று.
சிரித்தான்.
"என்ன அளவில் வாங்கப்போகிறாய்?"
"எட்டரை."
"அம்மா, எனக்கு இப்போது பதினொன்று."
"தெரியும்" என்றேன்.

கடிதத்தின் அடியில் ஒரு வரி:
இத்தொகைக்கு வரி இல்லை.

நான்கு முறை வாசித்தேன்.
அந்த வரியை மட்டும் கத்தரித்து
கடைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பணம் தனியாக இருக்கிறது.
தொடவில்லை.
திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டுமே.