விழுங்காமல்

எல்லீஸ் நகர் நான்காவது மாடியில்
ஞாயிறு சாயங்காலம் ஆறு பாட்டில்.
கொழுந்தன் கித்தேரியான் இத்தாலியிலிருந்து
வேட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது.
அங்கே ஒரு குன்றுச் சரிவு, ஏழு ஏக்கர் திராட்சை.
முதலாளி, அவர் மனைவி, ஒரு நாய், இவன்.
அவ்வளவுதான் கம்பெனி.

பதினெட்டு டிகிரியில் குடிக்க வேண்டுமாம்.
மே மாதத்து மதுரையில் அது ஒரு வதந்தி.
இட்லி மாவை ஓரம் தள்ளி
ஃப்ரிட்ஜில் படுக்கவைத்திருந்தோம்,
கரன்ட் போய், வந்து, போய்.

என்னை ஏன் உட்காரவைத்தார்கள் என்றால்
பத்தொன்பது வருடமாகப்
பால் குளிரூட்டும் நிலையத்தில் விடிகாலை நாலரைக்குக்
கேன் மூடி திறந்து முகர்கிறவள் நான்.
உசிலம்பட்டிப் பாலா, செக்கானூரணிப் பாலா,
மாடு தின்றது பருத்திக்கொட்டையா, கறிவேப்பிலைக் காம்பா,
கறந்தவன் கை கழுவினானா,
சொல்லிவிடுவேன்.
வாயில் ஊற்றி, சுழற்றி, துப்புவேன்.
விழுங்கியதில்லை.
வீட்டில்கூடக் கடுங்காப்பிதான் எனக்கு.
ஒயின் இதுவரை தொட்டதில்லை;
பூசையில் நமக்கு அப்பம் மட்டும், ரசம் சாமியாருக்கு.

நிறம் பார்க்கப் பிரபுராம் அண்ணன்,
கைத்தறி நகரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர்.
வேட்டி மடிப்பைத் தூக்கிப் பிடித்து
அதற்கு முன்னால் தம்ளரைச் சாய்த்தார்.
"விளிம்புல செங்கல் ஏறுது. வயசாயிருச்சு."
அதோடு சரி. குடிக்கவில்லை.
அன்று அவருக்கு ஏகாதசி.

கித்தேரியான் கொடுத்த தாளில்
வயலெட், தோல், புகையிலை என்று கட்டங்கள்.
வயலெட் பூவை நான் பார்த்ததில்லை.
முதல் பாட்டிலுக்கு இப்படி எழுதினேன்:
நாவல்பழம் தின்ற நாக்கு, மறுநாள்.
இரண்டாவது: உப்புப் போட்டு வைத்த
பழம்புளிப் பானையின் அடி. நல்ல பானை.
துவர்ப்பு என்று மட்டும் எழுதினால் போதாது,
எந்தத் துவர்ப்பு?
வாழைப்பூ உரித்த விரலா, கடுக்காயா,
பாதி மென்று துப்பிய கொட்டைப்பாக்கா?
பாக்கு என்றேன். அவன் சிரித்து
இத்தாலியனில் ஏதோ எழுதிக்கொண்டான்.

மூன்றாவது, நனைந்த சாக்கு.
"தக்கை கெட்டுருச்சு" என்று அவனும் ஒத்துக்கொண்டான்.
பாலாக இருந்தால் கேனையே கவிழ்த்திருப்பேன்.

நான்காவதை ஊற்றும்போது அவன் பேசவில்லை.
முகர்ந்தேன். ஒன்றுமில்லை.
சுழற்றி மறுபடி முகர்ந்தேன்.
ஏதோ ஓர் அவசரம்.
"காய் முழுசாப் பழுக்கல. காம்போட போயிருக்கு.
இருட்டுல பறிச்சீங்களா?"

தம்ளரைக் கீழே வைத்தான்.

விமானம் ஓடாத வருடம்.
பறிக்க வரும் ருமேனியாக்காரர்கள் வரவில்லை.
முதலாளி ஆஸ்பத்திரியில், அந்த அம்மா வாசலில்.
ஆலங்கட்டி விழும் என்று ரேடியோ சொல்ல
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
மூன்று ராத்திரி, நானும் நாயும், என்றான்.
இங்கே அப்பாவை அடக்கம் பண்ணிய வாரம் அது.
அதை அவன் சொல்லவில்லை. நான் கணக்குப் போட்டேன்.
"நல்லா இருக்கா மதினி?"

நல்லா இல்லை.
முதலில் பச்சைக்காம்புக் கசப்பு, நடுவில் ஓட்டை,
முடிவில், யாரோ கதவைச் சாத்தாமல் போனது போல.
நூற்றுக்கு எழுபத்தொன்று.
எழுபத்தொன்று என்றே எழுதினேன்.
பாவம் பார்த்து நாலு கூட்டினால்
என் லாக்டோமீட்டரே என்னைக் காட்டிக்கொடுக்கும்.

எழுதி முடித்துத்தான் பார்த்தேன்,
துப்புகிற சொம்பு பிரபுராம் அண்ணன் பக்கம் கிடக்கிறது.
என் வாயில் எதுவும் இல்லை.

ஐந்தும் ஆறும் உயர்ந்த சரக்கு,
தொண்ணூறைத் தாண்டின.
ஆறாவதின் சிவப்பைச் சேலைக் கரைக்குக் கேட்டு
ஒரு பஞ்சில் நனைத்து வாங்கிப்போனார் அண்ணன்.
கித்தேரியான் நான்காவது பாட்டிலை மட்டும்
கழுவாமல் எடுத்துவைத்தான்.

நாலரைக்கு முதல் கேன்.
மூடியைத் திறந்து குனிந்தேன்.
பால் வாசம் வருவதற்குக்
கொஞ்சம் நேரம் ஆனது.