நூற்று இருபத்தாறு

சாங்காட் குன்றில் என் முதல் சுவரொட்டி.
யுகேஸ் என்பதை
யூகோஸ் என்று அடித்திருந்தார்கள்.
திருத்தச் சொல்லவில்லை.
அன்றிலிருந்து யூகோஸ்தான்.
வங்கிக் கணக்கில் மட்டும்
யுகேஸ்வரி த/பெ முனியாண்டி.

முதல் கூலி நூற்றைம்பது ரிங்கிட்.
செந்தூல் திரும்பும் கிராப்புக்கு இருபத்தெட்டு,
அன்றே அறுந்த ஒரு வயருக்குப் பன்னிரண்டு.

"பாட்டுப் போடுற பொண்ணா நீ?"
ஆமாம், போடுகிறேன்.
நம் மொழியில் எதைத்தான் போடவில்லை?
சோறு, கோலம், சண்டை, குட்டித் தூக்கம்.
செய்கிறேன் என்று சொல்ல
ஆறு வருடம் கூச்சமாக இருந்தது.

பகலில் ஷா ஆலம் கிடங்கு.
பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இயந்திரம்
டக் டக் டிஸ், டக் டக் டிஸ்.
சட்டைப்பையில் கைப்பேசி ஒளித்து
அதை மூன்று நிமிடம் திருடினேன்.
நறுக்கி, அடியில் பேஸ் ஊற்றி,
மேலே ரயில் கதவு மூடும் பீப் வைத்தேன்.
கிடங்கில் யாருக்கும் தெரியாது
இயந்திரத்துக்கு ரசிகர்கள் இருப்பது.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
வெளியே மழை. மணி ஒன்றே முக்கால்.
கரண்ட் போனது.

நான் ஓட்டிக்கொண்டிருந்தது நூற்று முப்பதில்.
இருட்டில் இருநூறு பேர்
நிறுத்தவில்லை.
காலாலேயே தொடர்ந்தார்கள்,
கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி
ஓரிடத்தில் நிலைத்தார்கள்.
எண்ணிப் பார்த்தேன்: நூற்று இருபத்தாறு.
யார் சொல்லிக் கொடுத்தது?
வியர்வை, ஈரச் செருப்பு, பலகைத் தரை,
என் கையில் பதிவாகிக்கொண்டிருந்த கைப்பேசி.

விளக்கு வந்தது.
முதலாளி ஹெங் கண்ணாலேயே திட்டினார்.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது,
அழுத்த மனம் வரவில்லை.

அதற்குப் பின் என் பாட்டு எல்லாமே
அந்த வேகத்தில்தான்.
ராட்டர்டாம் கம்பெனிக்காரன் கேட்டான்,
கொஞ்சம் விரைவாக்கலாமா?
கூடாது என்றேன். காரணம் சொல்லவில்லை.
மூன்று மாதத்துக்குப் பதினொரு ரிங்கிட் நாற்பது சென் வந்தது.
மாமாக் கடையில் மீ கோரெங், தே ஓ ஐஸ்,
மீதியை மேசையிலேயே விட்டேன்.

இப்போது இடக்காதில் ஒரு ஈ.
எழுத்தா பூச்சியா தெரியவில்லை,
தூங்கும்போதும் நிற்பதில்லை.
டாக்டர் நிறுத்தச் சொன்னார், என்னை.

அந்தப் பதிவில் நாற்பதாவது வினாடியில்
ஒரு பெண் சிரிப்பாள்.
கால் மிதிபட்டதோ, காதலோ.
வெட்டாமல் விட்டேன்.
யாரென்று தெரியாது,
பங்கு கேட்டு வந்தால்
இரண்டு ரிங்கிட் தருவேன்.