பன்னிரண்டுக்கு ஒன்று

அறுபத்திரண்டு வீடுகள் என்று பலகையில் இருந்தது.
பதினேழில் நின்றது.
செம்பனையைச் சாய்த்த செம்மண்ணில்
தூண்களின் தலைக்கு மேல் நீட்டிய கம்பிகள்
மழைக்கு மழை நிறம் மாறின.
பலகையில் வரைந்த குடும்பம் மட்டும்
வாங்காத வீட்டின் முன் சிரித்துக்கொண்டே நின்றது.

எனக்கு வரவேண்டிய மூன்றாம் தவணை
பாடாங் செராய் முழுக்கத் தெரியும்.
ரொட்டி சானாய் கடையில்
நான் உட்காருமுன் தொகையைச் சொல்லிவிடுவார்கள்.

இரும்புக்கடை லியோங்
கடன் புத்தகத்தை மூடவில்லை.
திருப்பி என் பக்கம் தள்ளினார்.
"சிமெண்டு இந்த வாரம் ஒரு விலை, மாலா.
அடுத்த வாரம் எனக்கே தெரியாது."

அன்றிலிருந்து என் கொட்டேஷன் தாளின் அடியில்
ஒரு வரி கூடியது:
ஏழு நாளைக்கு மட்டும் செல்லும்.
பதினாறு வருஷக் குத்தகைத் தொழிலில்
நான் எழுதிய ஒரே கலப்படமில்லாத வரி.

லோரியை விற்றேன்.
அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை
ஒரு மாதம் என்னைப் பார்த்தது.
ஒன்பது பேரில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.
கலவை இயந்திரத்தை விற்க மனமில்லை.
எந்த டெண்டரிலும் எனக்குக் குறுக்கே நின்ற
கமாருடினிடம் பாதிப் பங்கு கேட்டேன்.
நாள் பிரித்துக்கொண்டோம்.
தொழுகை இருக்கிறது, வெள்ளி உனக்கு என்றான்.
அந்த மாதம் என் கையில் நின்ற வெள்ளி
அது ஒன்றுதான்.

அப்போதுதான் சவரிமுத்து வீட்டிலிருந்து போன்.
முன்னாள் லோரி டிரைவர்.
சர்க்கரை, வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை.
வாசலில் மூன்று படி.
பிறை தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன்கள்
ஷிஃப்ட் முடிந்து வந்தால்தான்
அவர் தெருவைப் பார்க்கலாம்.

ஒரு நாள் வேலை என்று கண்மட்டத்தில் சரிவு போட்டேன்.
மாடி கட்டியவளுக்கு இது என்ன.
நாற்காலி உருண்ட வேகத்தில்
கறிவேப்பிலைத் தொட்டி உடைந்தது,
அவர் முழங்கை உரிந்தது.
யாரும் திட்டவில்லை. அதுதான் சுட்டது.

என் செலவில் உடைத்தேன்.
கூலிம் ஆஸ்பத்திரியில்
நடைப்பயிற்சிப் பிரிவின் ஃபர்ஹானா
சீட்டின் பின்பக்கம் பென்சிலால் வரைந்து காட்டினாள்:
ஓர் அங்குலம் ஏற
பன்னிரண்டு அங்குலம் போக வேண்டும்.

மூன்று படி, பதினெட்டு அங்குலம்.
அப்படியானால் பதினெட்டு அடி.
வாசலோ பதினொன்று.
வளைத்தேன்.
வளைவில் மூச்சு வாங்க ஒரு சமதளம்.
ரஃபீக்குல் ரசமட்டத்தை வைத்து வைத்து எடுத்தான்,
குழந்தை நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல.

சவரிமுத்து இறங்கினார்.
வளைவில் நிறுத்தினார். திரும்பினார்.
தெருவுக்கு வந்து,
"செகண்ட் கியர் போதும்" என்றார்.

பிறகு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டது.
டயாலிசிஸ் போகிறவருக்குக் கழிவறைக் கைப்பிடி.
பக்கவாதம் வந்த ஆசிரியைக்கு
கதவு அகலம் நான்கு அங்குலம் கூட.
பளிங்குத் தரை போட்ட குழந்தைவேலு
பழைய தோட்ட வீட்டுச் சுவரில்
போல்ட் பிடிக்காமல் முனகுகிறான்.
முனகட்டும், சம்பளம் சனிக்கிழமை போய்விடுகிறது.
லியோங்கின் புத்தகத்தில் என் பக்கம்
இன்னும் பாதி சிவப்பு.

பெரிய ஆளாகிவிட்டாயா என்று
ரொட்டி சானாய் கடையில் கேட்கிறார்கள்.
பன்னிரண்டு அடி போயிருக்கிறேன்,
ஓர் அடி ஏறியிருப்பேன்.

இன்று காலை மோட்டாரில் அந்தப் பலகையைக் கடந்தேன்.
கொடி படர்ந்து, சிரிக்கும் குடும்பத்தில்
அப்பாவின் முகம் போய்விட்டது.
மூன்றாம் தவணை வரவில்லை.
பையில் இரண்டு கொட்டேஷன்.
ஒன்று நாளையோடு செல்லாது.