காந்தத்தின் கீழ்

பைசாந்து நகரில் ஜூலை என்றால் குளிர்.
உருகுவாய் ஆற்றின் பனி எங்களோடு படியேறி
இரண்டாம் மாடி வரை வந்தது.
எச்சவெரி அம்மையாரின் அறையில்
நான்கு நாற்காலிகள், ஒரு கணப்படுப்பு,
மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி.
அந்தப் பெட்டியைத் தன் பக்கத்திலிருந்து
மெல்லத் தள்ளி வைத்தார் அப்பா.

அப்பா தானியக் கிடங்கில் இரவுக் காவல்.
அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், பகலெல்லாம்.
அவர்களின் பேருந்துகள் சந்தை முனையில்
ஒன்றையொன்று கடக்கும்.
ஒருவர் விட்டுப்போன போர்வையின் சூடு ஆறுமுன்
மற்றவர் அதற்குள் நுழைவார்.
பேச்சு என்பது
ஃபிரிட்ஜ் கதவில், பன்றி வடிவக் காந்தத்தின் கீழ்
ஒரு துண்டுச் சீட்டு.

"வீட்டில் சண்டை உண்டா?"
"சண்டை போட நேரம் ஏது?" என்றாள் அம்மா.
அப்பா அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.
அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்.
ஒரு செருப்புப் பெட்டி நிறைய இருந்தன.
யார் சேர்த்து வைத்தது என்று
அப்போது ஒருவரும் கேட்கவில்லை.
"அவர் எழுதியதை நீங்கள் படியுங்கள்.
நீங்கள் எழுதியதை அவர்.
வாய்விட்டு. அவசரமில்லை."

எரிவாயு தீர்ந்தது.
வாடகை வெள்ளிக்குள்.
உன் அண்ணன் போன் செய்தான். பணம்தான்.
கதவைச் சாத்து, பூனை வருகிறது.
அம்மாவின் சொற்கள் அப்பாவுக்கு
இரவல் சட்டைபோல் தோளில் இறுகின.

பிறகு ஒன்றைப் பிரித்தார்:
"வெளியே உறைபனி. கழுத்துத்துண்டை மறக்காதே.
சூப்பில் அடியில் நிற்கும் கெட்டி உனக்கு."
நிறுத்தினார். மறுபடி படித்தார்.
"அன்றைக்கு சால்தோ போகும் பேருந்துக்கு
டிக்கெட் எடுத்திருந்தேன், நீபியா.
ஒருவழி டிக்கெட்.
இதைப் பார்த்துவிட்டுச் சூப் குடித்தேன்."

அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள்.
அவள் எழுத்துதான்.
அவள் எழுதியதல்ல.
கணப்பு மட்டும் முணுமுணுத்தது.
நான் ஷூ நாடாவை
மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டினேன்.

எச்சவெரி என்னைப் பார்க்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்:
"பன்னிரண்டு வயதில்
ஒரு வீட்டைத் தாங்கிப் பிடித்தால் கை வலிக்காதா?"

"வலிக்கும்."

கைக்குட்டைப் பெட்டியை அப்பாதான் எடுத்து நீட்டினார்,
முதலில் தனக்கொன்று உருவிக்கொண்டு.

திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்:
"என் கையெழுத்தை எங்கே பழகினாய்?"
"மதிப்பெண் அட்டையில்."
ஒரு வாரம் டிவி கிடையாது என்று தீர்ப்பானது.
ரொம்ப நாளைக்குப் பிறகு
இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
ஐந்தாம் சந்திப்பில் கத்திக்கொண்டார்கள்,
அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டும் அளவுக்கு.
எச்சவெரி கணப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் காத்திருந்தார்.
வாடகை இன்னமும் வெள்ளிக்குள்தான்.

ஆகஸ்டில் ஒரு விடியலில்
பன்றியின் கீழ் ஒரு சீட்டு:
"சூப் இருக்கிறது, வில்மார்.
கெட்டியை யமீலா தின்றுவிட்டாள்.
இது நிஜமாகவே நான்."